தூங்கிக் காட்டவா, விழித்துக் காட்டவா?

பகல் தூக்கத்தை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு: எம்எஸ்எல்டி (MSLT, எவ்வளவு சீக்கிரம் தூங்கிவிடுகிறீர்கள் என்று பார்ப்பது), எம்டபிள்யூடி (MWT, எவ்வளவு நேரம் விழித்திருக்க முடிகிறது என்று பார்ப்பது). எதற்கு எப்படித் தயாராவது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

என்ன செய்யச் சொல்வார்கள்?
எம்எஸ்எல்டி: இரண்டு மணி நேர இடைவெளியில் 4 அல்லது 5 முறை படுத்துத் தூங்க முயல வேண்டும்.
எம்டபிள்யூடி: மங்கிய வெளிச்சத்தில் 40 நிமிடம் வீதம் 4 முறை விழித்தே உட்கார்ந்திருக்க வேண்டும். கன்னத்தில் தட்டிக்கொள்வது, பாட்டுப் பாடுவது எல்லாம் கூடாது.

முந்தைய இரவு?
எம்எஸ்எல்டி: சோதனை செய்யும் இடத்திலேயே தங்க வேண்டும், இரவுத் தூக்கத்தையும் பதிவு செய்வார்கள். செலவும் அதனால் கூடும்.
எம்டபிள்யூடி: பெரும்பாலும் வீட்டிலேயே தூங்கலாம். ஆனால் தென்காசியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கு வந்தால் அரைத்தூக்கமே முடிவைக் கெடுக்கும். சொந்தக்காரர் வீட்டில் முதல் நாளே தங்குவது மேல்.

மாத்திரை?
இதில்தான் கவனம் தேவை. எம்எஸ்எல்டிக்கு முன் சில மனச்சோர்வு மாத்திரைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லலாம், அவை கனவுத் தூக்கத்தை அடக்குவதால். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். எம்டபிள்யூடிக்கு வழக்கமான மருந்தோடே வரச் சொல்வது உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

டீ, காபி?
இரண்டுக்கும் அன்று வேண்டாம். அண்ணாச்சி கடை டீ ஒரு நாள் காத்திருக்கட்டும்.

நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்) சந்தேகம் என்றால் எம்எஸ்எல்டி. சிகிச்சைக்குப் பின் லாரியோ பஸ்ஸோ ஓட்டும் அளவுக்கு விழிப்பு இருக்கிறதா என்று பார்க்க எம்டபிள்யூடி.