நாத்தனாருக்கு வாங்கிக் கொடுத்த கை தையல் மிஷின்

ஈரோட்டில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். "வீட்லதானே இருக்கே, இந்த ஃபால்ஸ் மட்டும் அடிச்சுக் குடு" என்று வரும் சொந்தக்காரர்கள்தான் பெரிய தலைவலி. ஒரு கொக்கி வைக்க இரண்டு தெரு தாண்டி வருவார்கள். அதுவும் எல்லோர் வீட்டிலும் ஓரம் பிரிவது தீபாவளிக்கு முந்தின வாரம்தான்! அதனால் ஸ்டேப்ளர் மாதிரி இருக்கும் கை மிஷின் ஒன்றை ஆன்லைனில் 350 ரூபாய்க்கு வாங்கி நாத்தனாரிடம் கொடுத்தேன்.

கொடுக்கும் முன் நானே தைத்துப் பார்த்தேன். நான்கு பென்டார்ச் பேட்டரி. அடிநூல் சுற்றி வைக்கும் பாபின் கிடையாது, மேல்நூல் மட்டும்தான். விழுவது சங்கிலித் தையல். தலையணை உறைக்கு நன்றாகவே ஓடியது. ஜீன்ஸ் மடிப்பில் ஊசி திணறி நின்றுவிட்டது. ஷிபான் பக்கமே போகாதீர்கள். அப்புறம், முடிக்கிற இடத்தில் நூலை அடிப்பக்கம் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். விட்டால் ஒரே இழுப்பில் மொத்தத் தையலும் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவசரத்துக்குச் சரி, ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். நாத்தனார் இப்போது புடவையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், "அண்ணி, இதுல நூல் மட்டும் கோத்துக் குடுங்க" என்று.