களுவாஞ்சிகுடிக் கடையில் சட்பொட்டுகள்: எதனிடம் எதைக் கொடுக்கலாம்?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் எனக்கு போட்டோக்கொப்பியும் தட்டச்சும் செய்யும் சின்னக் கொமினிகேஷன் கடை. பிரதேச செயலகத்துக்குக் கடிதம், அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கு மேன்முறையீடு, வேலை விண்ணப்பம் என்றுதான் அதிகம் பேர் வருவார்கள். இப்போது "அந்த ஏஐயில போட்டு எழுதித் தா மனே" என்று அடையாள அட்டையையும் சேர்த்து நீட்டுகிறார்கள். அதனால் சட்ஜிபிடி, ஜெமினி, க்ளோட், வாட்ஸ்அப்புக்குள் இருக்கும் மெட்டா ஏஐ நான்கையும் கடை வேலைக்கு வைத்துப் பார்த்தேன். எது கெட்டிக்காரன் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். உள்ளே போடுவது ஊர்ச்சனத்தின் விபரம். அதை எவ்வளவு தூரம் காக்க முடியும் என்றுதான் பார்த்தேன்.

அடையாள அட்டை இலக்கத்தையே எடுங்கள். புதிய 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தை மட்டும் கொடுத்தாலே பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். பெயர், விலாசம், வங்கிக் கணக்கும் சேர்ந்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? நான் அந்த இடங்களில் வெறும் கோடு போட்டுக் கேட்கிறேன். கடிதம் வந்ததும் வேர்ட்டில் நிரப்பிக் கொடுக்கிறேன். கடிதத்தின் தரம் இதனால் கொஞ்சமும் குறைவதில்லை.

சட்ஜிபிடியில் நாம் எழுதுவதை அந்த ஏஐயைப் பயிற்றுவிக்க எடுக்காமல் நிறுத்தி வைக்கலாம். தற்காலிக உரையாடல் என்று ஒன்றும் இருக்கிறது. பழைய உரையாடல் பட்டியலில் அது நிற்காது. பலர் வந்து போகும் கடைக் கணினிக்கு இது பெரிய உதவி, கடிதங்களுக்கு நான் இதைத்தான் பாவிக்கிறேன். க்ளோடிலும் பயிற்சியை நிறுத்தும் வசதி உண்டு. ஜெமினியில் சில உரையாடல்களை மனிதர்களும் வாசிப்பார்கள், இரகசியமானதை எழுத வேண்டாம் என்று கூகுளே சொல்கிறது. மெட்டா ஏஐ கைக்குப் பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் அதைத் தட்டுகிறார்கள். ஆனால் அதற்கு அனுப்புவது சிநேகிதருக்கு அனுப்புவது போலப் பூட்டிய செய்தி அல்ல, மெட்டாவிடமே போகிறது. வாடிக்கையாளர் விஷயத்துக்கு நான் அதைத் தொடுவதில்லை.

அடுத்தது வயல். மண்டூர்ப் பாதையால் வரும் விவசாயி ஒருவர், திட்டுத் திட்டாகக் காய்ந்த நெல்லைப் படம் பிடித்துக் கொண்டுவந்தார். ஒரு சட்பொட் அதைப் பூஞ்சண நோய் என்று சொல்லி மருந்தின் பெயரையும் தந்தது. அவரோ தூரடியை விரித்துப் பார்த்தவர், பூச்சியைக் கண்ணால் கண்டவர்: நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டி. பூஞ்சண மருந்துக்கு அது சாகாது. காசு போயிருக்கும், பயிரும் போயிருக்கும். யூரியா கூடினாலும் அறக்கொட்டி பெருகும் என்று நமது விவசாயிகளுக்குத் தெரியும். சட்பொட் அவரிடம் எவ்வளவு யூரியா போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படியான கேள்விக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கம் இருக்கிறது, விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். மருந்து தெளிக்கும் அளவை ஒருபோதும் சட்பொட்டிடம் கேட்காதீர்கள்.

அரச அலுவல்களிலும் இதே கதைதான். எந்தச் சட்பொட்டானாலும் தமிழில் கேட்டால் இந்திய நடைமுறையைக் கலந்துவிடக் கூடும், இல்லாத சுற்றறிக்கை இலக்கத்தையும் அடித்துச் சொல்லக் கூடும். மேன்முறையீட்டின் கடைசித் திகதியை நான் செயலக அறிவித்தல் பலகையில் பார்ப்பேன், அல்லது அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு எடுப்பேன். சிங்களத்தில் எழுதிய கடிதமென்றால் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் கடையை விட்டுப் போகாது.

பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் வயதையும் பாருங்கள். சட்ஜிபிடி 13 வயதுக்குக் கீழே இல்லை, 18 வரை பெற்றோரின் சம்மதம் வேண்டும். க்ளோட் 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான். மனம் நொந்து இரவிரவாக இதனோடு பேசும் பிள்ளை வீட்டில் இருந்தால், பக்கத்தில் போய் இருங்கள். 1926 மனநல உதவி இலக்கம் தமிழிலும் பேசும்.

காசு கட்டும் சட்ஜிபிடி பிளஸ் மாதம் 20 டொலர். கடிதமும் விண்ணப்பமும் எழுத இலவசமே போதும்.