ஆட்டை எண்ணுவதா, ஆளைக் கேட்பதா?

வறட்சியும் சண்டையும் மாறி மாறி அடிக்கும் சோமாலியாவில் ஒரு குடும்பம் எவ்வளவு தாங்கும்? அளக்க வருபவர்கள் இரண்டு முறைகளுக்கு நடுவே தவிக்கிறார்கள்: ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 'ரீமா', குடும்பமே தன்னை மதிப்பிடும் 'செர்ஸ்'.

கேள்விகள்:
ரீமா – சொத்து, அடிப்படை வசதி, ஆபத்துக்கு உதவுவோர், சூழலுக்கேற்ப மாறும் திறன் என நான்கு தூண்கள். பட்டியல் நீளம்.
செர்ஸ் – எந்தக் கஷ்டத்திலிருந்தும் வீடு மீளுமா என்பது போன்ற சில வாக்கியங்கள். எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று சொன்னால் போதும், அவ்வளவுதான்.

செலவு:
ரீமா – வீடு வீடாகப் போகவேண்டும். கணக்குப் போட புள்ளியியல் தெரிந்தவர் வேண்டும்.
செர்ஸ் – போனிலேயே முடியும். போன் இல்லாத ஏழைகள் விடுபடுவார்கள்.

நம்பகம்:
ரீமா – அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு கால்நடைக்கு வரி பிடுங்கும் ஊரில், முன்பின் தெரியாதவர் "எத்தனை ஒட்டகம்?" என்றால் யார் உள்ளதைச் சொல்வார்?
செர்ஸ் – சரி, இது மட்டும் யோக்கியமா? நிவாரணம் வரும் என்று தோன்றினால் இங்கேயும் பதில் சோகமாகிவிடும்.

கிணறு வெட்டுவதா, கால்நடை கொடுப்பதா என்று முடிவெடுக்க ரீமாதான். மாதாமாதம் நிலவரம் பார்க்க, ஆள் போக முடியாத பகுதிக்கு, செர்ஸ். பணம் இருந்தால் ரீமா படிவத்தின் கடைசியில் செர்ஸ் கேள்விகளையும் சேர்த்துவிடலாம். சில நிமிடம்தான் கூடும்.