மலையகத்தில் ஸ்கூட்டருக்கு ஒரு பூட்டு: நான்கு ஆண்டு அனுபவம்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பாவித்த ஹொண்டா டியோ ஒன்றை வாங்கினேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து, பழைய ஸ்கூட்டர்களுக்கும் விலை ஏறிக்கொண்டே இருந்த காலம் அது. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீட்டின் ஒரு காம்பராவில் வசித்துக்கொண்டு வேறொரு தோட்டத்துப் பாடசாலையில் கற்பிக்கும் எனக்கு, அந்த வண்டி போனால் இன்னொன்றை வாங்க வழியில்லை. அதனால் பூட்டு விடயத்தில் நான் செலவழித்த காசையும் காலத்தையும் வீணென்று நினைக்கவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகத் தூரப் பாடசாலைகளுக்குப் போய்வரும் ஆசிரியைகளுக்கு, என் அனுபவம் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

வண்டி வாங்கிய சில வாரங்களில், கீழே உள்ள பணிய லயத்தில் ஒருவருடைய மோட்டார் சைக்கிள் மழை இரவொன்றில் காணாமற்போனது. ஹேண்டில் பூட்டுப் போட்டிருந்தார். சாவி அவர் தலைமாட்டில் இருந்தது. ஆனாலும் வண்டி போய்விட்டது, எவருக்கும் இயந்திரச் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் பாதையைப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. லயத்திலிருந்து பிரதான வீதி வரைக்கும் தொடர்ந்து இறக்கம். ஹேண்டிலைப் பலமாக உதைத்து உள்ளே இருக்கும் சிறிய முளையை உடைத்துவிட்டால், வண்டியை உயிர்ப்பிக்காமலே உருட்டிக்கொண்டு போய்விடலாம். சமதரையில் தள்ளிக்கொண்டு போகிறவன் களைப்பான், யார் கண்ணிலாவது படுவான்; எங்கள் ஊரில் இறக்கமே திருடனுக்கு இயந்திரமாகிவிடுகிறது. மின்னோட்டத்தைத் துண்டிக்கும் மறைவான சுவிச் ஒன்றைப் பொருத்துமாறு கெரேஜில் சொன்னார்கள். அது வண்டி ஸ்டார்ட் ஆவதைத் தடுக்கும், உருள்வதைத் தடுக்காது. ஸ்கூட்டரின் எடை நூறு கிலோவுக்குச் சற்றுத்தான் அதிகம் என்பதால், கீழே பட்டா எனும் சிறு லொறி ஒன்று காத்திருந்தால் இருவர் தூக்கி ஏற்றிவிடலாம். ஆகவே எனக்குத் தேவையானது சக்கரத்தையும் பிடித்து, வண்டியை அசையாத ஒன்றோடும் பிணைக்கும் பூட்டு என்று முடிவுசெய்தேன். அதைச் சரியாகச் செய்து முடிக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

முதலில் வாங்கியது நான்கு இலக்க எண் பூட்டுடன் கூடிய கேபிள். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது மெல்லிய இரும்பு இழைகளின் முறுக்கு மட்டுமே. உறை வெடித்த பிறகு, மின்வேலை செய்யும் என் தம்பியிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். சாதாரணக் குறடு ஒன்றால் இழை இழையாக வெட்டி, தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டான். மூடுபனி இரவில் டோர்ச் இல்லாமல் அந்த எண்களைப் பார்க்கவும் முடிவதில்லை. தலைக்கவசத்தை ஸ்கூட்டரோடு கட்டிவைக்க மட்டும் அதை இன்றும் பயன்படுத்துகிறேன்.

அடுத்ததாக டிஸ்க் பூட்டு வாங்கப் போனேன். இங்கே பலர் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. என் வண்டியைப் போன்ற பழைய டியோக்களில் இரண்டு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். பூட்டை மாட்டுவதற்கு அங்கே துளையுள்ள தட்டே கிடையாது. முன் சக்கரத்தில் டிஸ்க் உள்ள என்டோர்க் போன்ற வண்டிகளுக்கே அது பொருந்தும். அவற்றிலும் டிஸ்க் பூட்டு சக்கரம் உருள்வதைத்தான் தடுக்கும், தூக்கிச் செல்வதைத் தடுக்காது. கடைக்காரர் பதிலுக்குக் கொடுத்த அலாரப் பூட்டை வாங்கிவந்து பின் சக்கரத்தில் மாட்டினேன். சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்தில் ஒரு சத்தம் கேட்டால் பன்னிரண்டு வீடுகளும் விழித்துக்கொள்ளும் என்பதால், எங்கள் வாழ்விடத்துக்கு இதுவே சிறந்த காவல் என்று எண்ணியிருந்தேன். ஆனால் காற்று வண்டியை ஆட்டினாலும் நாய் உரசினாலும் அது அலறியது. மூன்றாவது இரவுக்குப் பிறகு அடுத்த காம்பராப் பெரியவர் வந்து, "டீச்சர், இப்ப அது கத்தினா யாரும் எந்திரிக்க மாட்டாங்க, அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. வீண் அலறலுக்குப் பழகிய காது உண்மையான அலறலையும் கேட்காது. தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் உள்ளேயிருந்த பொத்தான் பெட்டரிகளின் முனைகள் பச்சை பிடித்துச் செயலிழந்தன.

பிறகுதான் சங்கிலிக்கு வந்தேன். பத்து மில்லிமீட்டர் தடிப்பு, வன்மையூட்டிய உருக்கு, சதுர வளையங்கள். பன்னிரண்டு மில்லிமீட்டர் இன்னும் வலிமையானது. ஆனால் மீற்றருக்கு மூன்று கிலோவைத் தாண்டும், என் வண்டியின் பின் சக்கரத் துளைக்குள்ளும் அது நுழையவில்லை. வாங்கச் செல்லும்போது வண்டியையும் கொண்டு போய் மாட்டிப் பார்ப்பதே நல்லது. பின் சக்கரம் என்று நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. முன் சக்கரத்தில் பூட்டினால், ஓர் அச்சாணி நட்டைக் கழற்றி, அதை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கொண்டு போய்விடலாம். பின் சக்கரம் இயந்திரத்தோடு இணைந்திருப்பதால் அதற்கு அதிக நேரமும் வேலையும் தேவை. சங்கிலியைத் தரையில் படரவிடக் கூடாது என்பதையும் பின்னரே அறிந்தேன். தரையில் கிடந்தால் வெட்டுக் கருவியின் ஒரு கைப்பிடியை நிலத்தில் ஊன்றி, மற்றதன்மேல் உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தலாம். அந்தரத்தில் இறுக்கமாக நின்றால் அந்த வசதி கிடைக்காது. கையில் பிடிக்கும் கிரைண்டர் இருந்தால் இந்தத் தடிப்பும் தாங்காது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நள்ளிரவில் லயத்து வாசலில் கிரைண்டரை இயக்குபவன், பன்னிரண்டு வீடுகளையும் தானே தட்டி எழுப்புகிறான்.

சங்கிலியோடு வந்த துணியுறை எங்கள் காலநிலைக்கு ஒவ்வாதது. மழையை உறிஞ்சி நாட்கணக்கில் ஈரமாகவே இருந்ததால், மூன்று மாதங்களில் உள்ளே துரு ஏறியது. உறையை வெட்டியெறிந்துவிட்டுப் பழைய சைக்கிள் டியூபை மாட்டினேன். வண்டியின் வண்ணமும் கீறல்படவில்லை, தண்ணீரும் தங்கவில்லை.

சங்கிலியின் முனைகளைப் பிணைக்கும் ஆமைப்பூட்டு விடயத்தில் என் பிழையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையகத்தில் பூட்டுகளைக் கெடுப்பது திருடர்களைவிட ஈரம்தான். முதற்பூட்டு இறுகத் தொடங்கியதும், வீட்டில் எல்லாரும் செய்வதுபோலச் சாவித்துளைக்குள் தேங்காயெண்ணெய் விட்டேன். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையத் தொடங்குவது. எங்கள் அடுப்படிப் போத்தலே காலையில் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கிறது. பூட்டுக்குள்ளும் அதுவே நடந்து, உள்ளிருக்கும் சிறு முளைகள் ஒட்டிக்கொண்டன. பாடசாலைக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் சாவி பாதி திரும்பி முறிந்தது. என் வண்டிப் பூட்டை நானே அறுத்தெடுக்க ஆள் தேடி ஓட வேண்டியிருந்தது. இயந்திர எண்ணெயும் சரிவராது, தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். இப்போது மாதமொருமுறை நீரை விரட்டும் ஸ்பிரேயை அடித்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகு கிரஃபைட் தூளை ஊதிவிடுகிறேன். புதிய பூட்டு பித்தளை உடலும் வன்மையூட்டிய உருக்கு வளைவும் கொண்டது. வளைவின் பெரும்பகுதியைப் பூட்டின் தோள்களே மறைத்திருப்பதால் வெட்டுக் கருவிக்கு இடம் கிடைப்பதில்லை. சாவித்துளை நிலத்தை நோக்கித் தொங்கும்படி மாட்டுவது என் உறுதியான வழக்கமாகிவிட்டது. மூன்றாவது ஆண்டிலும் அது சீராகத் திரும்புகிறது.

எதனோடு கட்டுவது என்ற கேள்விதான் மிகக் கடினமாக இருந்தது. லயத்துக் காம்பரா எங்களுக்குச் சொந்தமல்ல. இஸ்தோப்பின், அதாவது முன் திண்ணையின், தரையில் துளையிட்டு வளையம் பதிக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு ஓராண்டாகியும் பதில் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக வாழும் வீட்டில் ஓர் இரும்பு வளையம் பதிக்கவும் உரிமையில்லை என்பது எனக்கு வெறும் பூட்டுப் பிரச்சினையாகத் தெரியவில்லை. இறுதியில் முற்றத்தோரம் ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி, வெல்டிங் கடையில் செய்வித்த வளையத்தின் கால்களை இரண்டு பக்கமும் மடக்கி, கொங்கிரீட்டுக்குள் புதைத்தோம். தம்பியும் அடுத்த வீட்டுப் பெரியவரும் சேர்ந்து ஒரு ஞாயிறு முழுவதும் உழைத்தார்கள். அன்றிலிருந்துதான் மழைச் சத்தத்தில் நான் நிம்மதியாக உறங்குகிறேன்.

சனிக்கிழமைகளில் ஹட்டன் நகரில் வண்டியை விட்டுவிட்டுக் கண்டிக்குப் பயிற்சி வகுப்புக்குப் போகும்போது, பாரமான சங்கிலிக்குப் பதிலாக யூ வடிவப் பூட்டு ஒன்றை இருக்கைக்கு அடியில் கொண்டு செல்கிறேன். அதை வாங்கும்போது வட்டக்குழல் சாவி கொண்டவற்றைத் தவிர்த்தேன். 2004இல் கிரிப்டோனைட் நிறுவனத்தின் அத்தகைய பூட்டுகளைப் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறக்கலாம் என்று தெரியவந்து, நிறுவனம் அவற்றை மாற்றிக்கொடுக்க நேர்ந்தது. பொதியில் பிரித்தானியாவின் சோல்ட் செக்கியூர் அல்லது நெதர்லாந்தின் ஏ.ஆர்.டி. தர முத்திரை இருந்தால், விற்பவரின் வாக்குறுதிக்கு வெளியே ஒரு சோதனையாவது நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் பெற்றோல் என்றிருந்த நாட்களில், வண்டியைவிடத் தாங்கியில் இருந்ததற்கே ஆபத்து அதிகம். என் டியோவில் தாங்கியின் மூடி இருக்கைக்குக் கீழே இருப்பதால், சங்கிலியின் மிச்ச நீளத்தை இருக்கையின் மேல் சுற்றி இறுக்கினேன். அந்தப் பழக்கம் இன்னும் தொடர்கிறது. அதற்காகவே, தேய்ந்துவிட்ட சங்கிலியை அடுத்த மாதம் மாற்றும்போது முன்னதைவிட அரை மீற்றர் கூடுதலாக வாங்கத் தீர்மானித்திருக்கிறேன்.