புரோநோட்டின் பின்பக்கம் – எங்கள் ஊர் இலவச சட்ட உதவி மையம்

5க்கு 4 ஸ்டார்.

தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு 2025 ஜூனில் போனேன். நான் தையல் கடை வைத்திருப்பவள். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை. இலவச சட்ட உதவி எண்ணான 15100க்குப் போன் செய்தபோது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்றார்கள். அப்படியே செய்தார்கள்.

மஞ்சப்பையில் மூன்று விவகாரம் கொண்டுபோயிருந்தேன். நான் கடன் கொடுத்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு எழுதி வாங்கிய புரோநோட்டு (கடன் சீட்டு), தம்பிக்கு வந்து திரும்பிப்போன செக், வாரண்டி முடியுமுன்பே நின்றுபோன ஃபிரிட்ஜின் பில். கடனுக்கு எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போடவேண்டும் என்று ஏற்கெனவே பத்திரம் எழுதும் ஒருவரிடம் கேட்டிருந்தேன். "பன்னெண்டு வருஷம் டைம் இருக்கும்மா, அவசரமே இல்ல" என்று அனுப்பிவிட்டார். அதை நம்பித்தான் சும்மா இருந்தேன்.

அங்கே இருந்த வக்கீல் மேடம் என் கதையைக் கேட்கவில்லை. "மொதல்ல தேதியக் காட்டுங்கக்கா" என்றார். 12.05.2022. பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பன்னிரண்டு வருடம் என்பது நிலத்தின் சுவாதீனம், அதாவது நிலத்தைத் தன் கைவசம் கேட்கிற வழக்குக்காம். புரோநோட்டுக் கடனுக்கு மூன்றே வருடம். போன மாதமே முடிந்துவிட்டது. எதிராளி வாயே திறக்காவிட்டாலும், கெடு தாண்டிய வழக்கைக் கோர்ட்டே தள்ளுபடி செய்யவேண்டும் என்பது சட்டம். அப்பீல் தாமதமானால் காரணம் காட்டி மனுப் போடலாம், பணம் கேட்டுப் போடுகிற வழக்குக்கு அந்த வழியும் கிடையாது என்றார். எனக்குக் கை காலெல்லாம் உதறியது. நான்கு வருடத் தையல் காசு அது.

அப்புறம் அவரே அந்தக் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் இரண்டு வரி இருந்தது. மேலே, கடன் வாங்கியவரே எழுதியது: "20.08.2023 வட்டி வரவு ரூ.5,000", கீழே அவர் கையெழுத்து. அதன் கீழே 2024 ஜனவரியில் நான் குறித்துவைத்த நாலாயிரம் ரூபாய் வரவு. மேடம் விரலை வைத்து, "இது நீங்க எழுதுனது, அவர் கையெழுத்து இல்ல, இது உதவாது. மேல இருக்கே, அதுதான் உங்களக் காப்பாத்துது" என்றார். கெடு முடியுமுன் வட்டியோ அசலோ கொடுத்து, கொடுத்தவரே எழுதியோ கையெழுத்துப் போட்டோ இருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடமாம். ஆக 2026 ஆகஸ்ட் வரை எனக்கு நேரம் இருந்தது. அந்த ஒரு வரியை எத்தனை தடவை தடவிப் பார்த்தேனோ.

செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் விட, பேங்கிலிருந்து திரும்பிய தகவல் வந்த நாளிலிருந்து 30 நாள்தான். தம்பி 38 நாள் விட்டுவிட்டான். ஆனால் செக்கின் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியவில்லை, மறுபடி பேங்கில் போடச் சொல்லுங்கள், திரும்பினால் புது நோட்டீஸ் விடலாம் என்றார். ஃபிரிட்ஜுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடம். பழுதாகிப் பதினாலு மாதம்தான் ஆகியிருந்ததால் பயமில்லை.

ஜூலையிலேயே என் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டார்கள். கோர்ட் ஃபீஸும் நான் கட்டவில்லை. இப்போது சம்மன் போயிருக்கிறது.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன் என்றால், போர்டில் 10.30 என்று போட்டுவிட்டு 11.45க்குத்தான் ஆள் வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கூட நின்றுகொண்டே இருந்தாள். இத்தனை கெடுவையும் வாயால்தான் சொன்னார்கள். நான் கேட்ட பிறகே ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். எல்லோருக்கும் கேட்கத் தோன்றாது, அவர்களே எழுதிக் கொடுக்கவேண்டும்.

போகிறவர்கள் ஒரிஜினலைக் கையோடு கொண்டுபோங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.