பின்னோக்கி நீந்த எந்த ஃபின்: குட்டை ரப்பரா, பிளந்த பிளாஸ்டிக்கா?

டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸிலிருந்து அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டுக்கு ஸ்கூபா டைவிங் இறங்கும் நம் பிள்ளைகள், காலில் மாட்டும் நீச்சல் துடுப்பான ஃபின் பற்றி இதை அடிக்கடி கேட்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே ராகி எனப்படும் ரேகட்-டூத் சுறாக்கள் வரும். பள்ளத்தில் ஒன்று எதிரே நின்றால், கையை வீசாமல், பவளத்தைத் தொடாமல் மெல்லப் பின்வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பிடிப்பு: இதுதான் முக்கியம். கால்களை நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கி, விரல்களை வெளியே திருப்பி, ஃபின்னின் ஓரத்தால் தண்ணீரை நம் பக்கம் இழுக்கிறோம். விறைப்பான ரப்பர் ஓரம் வளையாமல் தண்ணீரைப் பிடிக்கும். பிளந்த ஃபின்னில் தண்ணீர் நடுவே வழுகிப் போய்விடும். எவ்வளவு உதைத்தாலும் நகர்வு குறைவு.

கால் வலி: ரப்பரில் முதல் சில நாட்கள் கணுக்கால் வலிக்கும். பிளந்தது இதமானது.

கனம்: ரப்பர் ஜோடி பல அளவுகளில் 2 கிலோவைத் தாண்டும், தண்ணீரில் மூழ்கும். மெல்லிய டைவிங் உடையில் கால் கீழே இழுபடலாம். பிளாஸ்டிக் இலகு.

உழைப்பு: ரப்பர் பல வருடம் தாங்கும். குதிகாலில் ஸ்பிரிங் வார் போட்டால் இன்னும் நிம்மதி.

முன்னே மட்டும் நீந்தி மீன் பார்ப்பவருக்கும் முழங்கால் நோவு உள்ளவருக்கும் பிளந்ததே போதும், சரி. பின்னோக்கி நீந்தக் கற்கவும் படம் எடுக்கவும் நினைப்பவர் ரப்பரை வாங்குங்கள். முதலில் நீச்சல் குளத்தில், சுவரைப் பார்த்து மிதந்தபடி பழகுங்கள்; சுவர் விலகுவது கண்ணுக்குத் தெரியும்.