பத்துக்குப் பிறகு: பிளஸ் டூவா, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வேலூர், ராணிப்பேட்டை வீடுகளில் முதல் கேள்வி 'எந்த குரூப்?' என்பதுதான். நர்சிங், லேப் என்று சி.எம்.சி. மருத்துவமனையை மனதில் வைத்திருந்தால் உயிரியல் உள்ள குரூப். ஆடிட்டர் ஆசை என்றால் காமர்ஸ். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இன்ஜினியரிங் பக்கம் போக நினைக்கும் பிள்ளைக்குத்தான் குழப்பம். அவர்களுக்கு நான் பாலிடெக்னிக்கைத்தான் சொல்வேன்.

ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ 2, பி.இ. 4, மொத்தம் 6. பாலிடெக்னிக் டிப்ளமோ 3, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. 3, அதுவும் 6. ஒரு வருஷம்கூட வீணாகவில்லை. ஆனால் பணமுடையால் மூன்றாம் ஆண்டோடு படிப்பு நின்றால், டிப்ளமோ முடித்த பிள்ளை சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை தேடப் போகலாம். பி.இ. முதல் ஆண்டோடு நின்ற பிள்ளை காட்ட பிளஸ் டூ மார்க் ஷீட்தான் இருக்கும்.

கையும் பழகிவிடும். ஃபிட்டிங் ஷாப்பில் இரும்புத் தகட்டை அரத்தால் ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி கசியக் கூடாது. கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் வரை பார்க்கும் கண் அப்படித்தான் வருகிறது.

சறுக்குவது கணிதத்தில். பிளஸ் டூவில் இரண்டு வருஷம் நிதானமாக நடத்தும் முக்கோணவியலும் நுண்கணிதமும் பாலிடெக்னிக்கில் முதல் ஆண்டிலேயே நெருக்கிக்கொண்டு வரும். அரியர் விழுந்து கடைசி வரை தீராவிட்டால் டிப்ளமோ கைக்கு வராது, அந்த வருஷ நேரடிச் சேர்க்கையும் போய்விடும். ஜூன் மாதமே பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பிளஸ் டூ பக்கம் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு. நல்ல மதிப்பெண் எடுக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளை அதை விட்டுவிட்டு வெளியேறக் கூடாது. அவர்களுக்கு பிளஸ் டூதான்.

பிளஸ் டூ தொழிற்பிரிவுக்கு பி.இ.யில் தனி ஒதுக்கீடு உண்டு. டிப்ளமோவிலும் நேரடி இரண்டாம் ஆண்டு கிடைக்கும். ஆனால் அந்த வழியில் டிப்ளமோ முடிக்க 4 வருஷம் ஆகிவிடும். செய்முறை வசதி பள்ளிக்குப் பள்ளி மாறும். போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஐ.டி.ஐ.யை மட்டமாக நினைக்க வேண்டாம். வெல்டர் 1 வருஷம், ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் 2. அரக்கோணம், ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் ஆசைப்படும் ரயில்வே உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநருக்கு உதவியாளர்) வேலைக்கு, உரிய டிரேடில் ஐ.டி.ஐ., அல்லது உரிய பிரிவில் டிப்ளமோ அல்லது பி.இ. வேண்டும். வெறும் பிளஸ் டூ போதாது. இரண்டு வருஷ டிரேடு முடித்தால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும் சேரலாம்.

எதில் சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துவிடுங்கள். லேத் (கடைசல் இயந்திரம்) எத்தனை இருக்கிறது என்பதைவிட எத்தனை ஓடுகிறது என்று கேளுங்கள். லேத்தில் இரும்பைப் பிடிக்கும் சக்கில் தூசி படிந்திருந்தால் வேறு இடம் பாருங்கள்.